சட்டாம்பிள்ளையும் மாற்று ஆசிரியரின் பையும்

ஆசிரியர் ஒருவர் விடுப்பு எடுத்துவிட்டால் நம்மூர்ப் பள்ளிகளில் முதலில் மேசைக்கு வருவது சப்ஸ்டிடியூஷன் நோட்டு. அந்தப் பாடவேளையில் யாருக்கு வகுப்பில்லை என்று பார்த்து, பெயரை எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள். போகிறவரும் திருத்தாமல் கிடக்கும் நோட்டுக்கட்டை அள்ளிக்கொண்டு போவார். சத்தம் போடாமல் படியுங்கள் என்று ஒரு வார்த்தை. அதோடு பாடவேளை கழிந்துவிடும். அமெரிக்காவில் இது தனிப் பிழைப்பு. இன்று ஒரு பள்ளி, நாளை ஒரு பள்ளி என்று நாள் கணக்கில் ஊதியம் வாங்கிப் பாடம் நடத்தும் மாற்று ஆசிரியர்கள் அங்கே உண்டு. எந்த வகுப்பு, என்ன பாடம் என்பது பல நாள் காலையில்தான் தெரியவரும். ஆகவே பை ஒன்றைக் கட்டித் தயாராக வைத்திருப்பார்கள்: பேனா, பென்சில், மார்க்கர், எந்த வயதுக்கும் ஓரளவு பொருந்தும் பயிற்சித் தாள்கள், ஒரு கதைப் புத்தகம், சமர்த்தாக இருக்கும் பிள்ளைக்குக் கொடுக்க ஸ்டிக்கர், விசில், மதியச் சாப்பாடு. பார்வைக்கு இது வெறும் முன்னெச்சரிக்கை. ஆனால் அந்தப் பைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தமிழ்நாட்டுத் திண்ணைகள் வழியாகப் போகிறது. பாடத்தைச் சரிபார்க்கும் திறன் பிள்ளைகளிடம் இருந்தவரை, வாத்தியார் வராத நாளுக்காக யாரும் எதையும் சுமந்து வர வேண்டியிருக்கவில்லை. அந்தத் திறன் ஒருவருடைய மேசைக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் பை தேவைப்பட்டது என்பது என் வாதம்.

முதல் சாட்சி தமிழ்நாட்டுக்குச் சற்று வடமேற்கே, இன்றைய கர்நாடகத்தின் இக்கேரியில் கிடைக்கிறது. 1623இல் அங்கே போன இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே, கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள் கணக்குப் படிப்பதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். தரையில் மென்மணல் பரப்பியிருந்தது. ஒருவன் பாடத்தை இராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத, மற்றவர்களும் அதையே பாடி எழுதினார்கள். தரை நிறைந்ததும் அழித்துவிட்டுப் புது மணல் தூவிக்கொண்டார்கள். பக்கத்தில் ஆசிரியர் இல்லை. மறந்துபோனால் யார் திருத்துவார்கள் என்று அவர் கேட்டதற்குச் சிறுவர்கள் சொன்ன விடைதான் முக்கியம்: நான்கு பேரும் ஒரே இடத்தை மறக்க வாய்ப்பில்லை, ஒருவன் விட்டதை இன்னொருவன் பிடித்துக்கொள்வான் என்றார்களாம். அதில் ஒரு கல்விமுறையின் எலும்புக்கூடே தெரிகிறது. பாடம் பாட்டாக இருப்பதால் ஓசை தட்டினால் காதே சொல்லிவிடும். எழுத்து மணலில் இருப்பதால் பிழைக்குச் செலவில்லை. பாடம் எல்லோருக்கும் பொதுவாக இருப்பதால் ஒவ்வொருவனும் மற்றவனுக்கு விடைத்தாள்.

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிக்கூடமும் இதே சரக்கில்தான் ஓடியது. மணலில் விரலால் அகரம், பிறகு பனையோலையில் எழுத்தாணி; ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு; கணக்குக்குப் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று. எண்சுவடி என்றால் நம் ஓரெண்டு ரெண்டு வாய்ப்பாட்டைப் போல என்று நினைத்துவிடக் கூடாது. மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. இந்தப் பின்னங்களையெல்லாம் பெருக்கி மனத்தில் ஏற்றியவனுக்கு நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் காகிதம் வேண்டாம். திண்ணைக் கணக்கை ஆராய்ந்த செந்தில் பாபு, இந்த நினைவை வெறும் கிளிப்பிள்ளைத்தனமாகப் பார்க்காமல் ஒரு கற்கும் முறையாகவே பார்க்க வேண்டும் என்கிறார். இந்த ஏற்பாட்டின் நடு அச்சு சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன். வாத்தியார் ஒருவர்தான், பிள்ளைகளோ ஆளுக்கொரு படியில் இருப்பார்கள். முன்னே போனவன் பின்னே வருகிறவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். வாத்தியார் வெளியே போனால் பள்ளிக்கூடம் சட்டாம்பிள்ளை கையில். உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் வரையும் திண்ணைப் பள்ளியிலும் அவன் தவறாமல் வருகிறான். அவன் கையில் பையும் இல்லை, பாடக்குறிப்பும் இல்லை.

இது கிராமத்துப் பழம்பெருமை அல்ல என்பதற்கு எழும்பூரே சாட்சி. ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் 1787இல் சென்னைக்கு வந்து, 1789இல் எழும்பூரில் இருந்த இராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். சம்பளத்துக்கு இருந்த ஆசிரியர்கள் அவருக்குத் திருப்தியாக இல்லை. ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது, ‘மலபார்’ பள்ளி ஒன்றில் (தமிழர்களை அன்று வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் அழைத்தார்கள்) பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னபோது கடைசி வகுப்பின் ஆசிரியர் முடியாது என்று கைவிரித்துவிட்டார். பெல், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு அந்த வகுப்பை ஒப்படைத்தார். பையன் நடத்திக் காட்டினான். பெரியவர் மறுத்த வேலையைச் சிறுவன் ஏற்ற இந்தச் சம்பவம் மாற்று ஆசிரியர் வரலாற்றில் ஒரு நல்ல அத்தியாயம். 1796இல் ஊர் திரும்பிய பெல் மறு ஆண்டே சென்னைச் சோதனையைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது பிரிட்டன் முழுதும் பரவியது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

இங்கே ஒரு மறுப்பு எழும். பெல் திண்ணையிலிருந்து எடுத்துக்கொண்டது மணல் மட்டுமே. மாணவனை ஆசிரியனாக்கியது அவர் நெருக்கடியில் கண்ட சொந்த உத்தி. இதைத் தமிழரின் கண்டுபிடிப்பு என்று கொண்டாடுவது மிகை என்பார்கள். பெல்லின் சொந்த எழுத்தும் ஏறக்குறைய அப்படித்தான் பேசுகிறது. ஆனால் மணலையும் சட்டாம்பிள்ளையையும் பிரித்துப் பார்ப்பதுதான் தவறு. எட்டு வயதுப் பையனால் வகுப்பு நடத்த முடிந்ததே மணலால்தான்: எல்லோரும் ஒரே எழுத்தை ஒரே நேரத்தில் எழுத, பிழை அந்தக் கணமே கண்ணில் படுகிறது, துடைத்துவிட்டு மீண்டும் எழுதலாம். கருவியை எடுத்தவருக்கு முறையும் கூடவே வந்துவிட்டது. 1823இல் பெல்லாரி கலெக்டர் ஏ.டி.கேம்பெல் தம் மாவட்டத்துப் பள்ளிகளைப் பற்றி அரசுக்கு எழுதியபோது, சிக்கனமாக எழுதக் கற்பதையும் தேர்ந்த பிள்ளைகள் தேராதவர்களுக்குக் கற்பிப்பதையும் சேர்த்தே புகழ்ந்து, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்றார். இக்கேரிச் சாட்சியோ பெல்லுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் முந்தியது.

கப்பல் ஏறியபின் சட்டாம்பிள்ளையின் குணம் மாறிவிட்டது. லண்டனில் 1798இல் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர் ஒரே ஆசிரியரின் கீழ் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே கூடத்தில் உட்கார வைத்தார். அத்தனை பேருக்குப் புத்தகம் வாங்க முடியாது. ஆகவே பாடங்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டினார். பிள்ளைகள் அரைவட்டமாக நின்று அட்டையைப் பார்த்துப் படிக்க, சட்டாம்பிள்ளையின் இடத்தில் நின்ற மாணவனான மானிட்டர் கோலால் சுட்டிக் காட்டுவான். பாடம் மனத்தை விட்டு அட்டைக்கு வந்த தருணம் இது. பையின் முதல் பொருள் அங்கேதான் பிறந்தது என்று சொல்லலாம். அடுத்து 1846இல் இங்கிலாந்து மானிட்டரை ஒதுக்கிவிட்டு, பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களை ஐந்தாண்டுப் பயிற்சியில் சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தது. சொல்லிக்கொடுப்பது சான்றிதழ் உள்ளவர் வேலையாயிற்று. சென்னை மாகாணத்திலும் கல்வி பற்றிய 1854இன் உட் அறிக்கைக்குப் பிறகு மானியம், தணிக்கை, அச்சிட்ட பாடநூல், வருகைப் பதிவேடு, பயிற்சிப் பள்ளி என்று காற்று அதே திசையில் வீசியது. எங்கே நிறுத்தினோம், அடுத்து என்ன என்பது இப்போது பாடக்குறிப்பேட்டில் இருக்கிறது. யார் எந்த நிலையில் இருக்கிறான் என்பது மதிப்பெண் பதிவேட்டில். இரண்டும் ஆசிரியரின் மேசையறையில். அவர் வராத நாளில் வகுப்புக்கு ஞாபகம் இல்லை. சட்டாம்பிள்ளையின் வாரிசான வகுப்புத் தலைவனோ, பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதும் வேலையோடு நின்றுவிட்டான். இப்படி ஒரு வகுப்புக்குள் புதியவர் நுழைந்தால் அவர் எல்லாவற்றையும் தாமே கொண்டுவரத்தான் வேண்டும்.

கனமான மறுப்பு இனிமேல்தான். திண்ணையை இவ்வளவு உயர்த்துவது சரியா? பொருள் புரியாத செய்யுளை மனப்பாடம் செய்வதில் பிள்ளைகளின் காலம் போகிறது என்று குறைப்பட்டவரும் அதே கேம்பெல்தான். காலையில் முதலில் வருகிறவன் கையில் சரஸ்வதி பெயர், இரண்டாமவனுக்குச் சுழி, அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு ஏறுமுகமாகப் பிரம்படி என்ற வழக்கத்தையும் அவரே பதிவு செய்கிறார். சட்டாம்பிள்ளை வாத்தியாரைவிட மோசமான கொடுங்கோலனாக இருக்கவும் தடை ஏதும் இல்லை. திண்ணைக்கு யார் வந்தார்கள் என்பதும் கேள்விதான். ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய பள்ளிக் கணக்கெடுப்பின் முடிவில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று தெரியவந்தது. வரலாற்றாய்வாளர் தரம்பாலின் நூல் இந்த ஆவணங்களை 1983இல் மீண்டும் பேசவைத்தது. தமிழ் மாவட்டங்களில் பிராமணரல்லாத பிள்ளைகள் பெரும்பான்மையாக இருந்ததை அவர் காட்டினார். உண்மைதான். ஆனால் அதே அட்டவணைகளில் பெண்கள் மிகக் குறைவு. திண்ணை ஒரு வீட்டின் திண்ணை. யார் ஏறலாம் என்பதை ஊர் தீர்மானித்தது. இதை ஒப்புக்கொள்வதால் என் வாதம் உடையவில்லை, கூர்மைதான் அடைகிறது. பாடம் குறுகியதாகவும் எல்லோருக்கும் ஒன்றாகவும் வருகிறவர்கள் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளாகவும் இருந்ததால்தான் கைவீசி வர முடிந்தது. எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து, அறிவியலும் வரலாறும் சொல்லித் தருகிற பள்ளிக்குப் பொருள்கள் வேண்டும். அந்தச் சுமையைக் குறைசொல்ல நியாயமில்லை. சொல்லித் தருவதற்கான பொருளோடு சரிபார்க்கும் உரிமையும் ஆசிரியரிடமே போனதுதான் கேள்விக்குரியது. அது தவிர்க்க முடியாததாக இருக்கவில்லை.

தவிர்த்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். யுனிசெஃப் தரும் ‘பெட்டிக்குள் பள்ளி’ அப்படிப்பட்ட முயற்சி என்று சொல்லத் தோன்றும்; ருவாண்டா அகதிகளுக்காக 1994இல் முதலில் பயன்பட்டது. அலுமினியப் பெட்டி, மூடியில் வண்ணம் பூசினால் கரும்பலகை, உள்ளே நோட்டு, பென்சில், மரக் கடிகாரம், எண்ணுவதற்குக் கட்டைகள், வாய்ப்பாடு அச்சிட்ட சுவரொட்டி. அகதி முகாமில் அது பெரிய உதவி. ஆனாலும் அது ஆசிரியரின் பெட்டிதான்; அவர் திறந்தால்தான் வகுப்பு. மதனப்பள்ளி அருகே ரிஷி வேலி கிராமக் கல்வி மையம் அதே பெயரில் உருவாக்கிய தொகுப்பு வேறு வகை. பாடத்தைச் சிறுசிறு அட்டைகளாக வெட்டி, எந்த அட்டைக்குப் பின் எது என்பதை ஓர் ஏணிப்படி வரைபடமாகச் சுவரில் மாட்டிவிட்டார்கள். தான் எங்கே நிற்கிறோம் என்று பிள்ளையே பார்த்து அடுத்த அட்டையை எடுக்கலாம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுவதும் செயல்வழிக் கற்றலாக வந்தது இதன் வழித்தோன்றல்தான். தரையோரம் தாழ்வாக ஒரு கரும்பலகை, அதில் ஆளுக்கொரு கட்டம், ஆசிரியர் உதவும் குழு, சக மாணவர் உதவும் குழு: சட்டாம்பிள்ளை பிரம்பில்லாமல் திரும்பி வந்தது போலத்தான். அட்டை கிழிகிறது, தொலைகிறது, வேகமான பிள்ளை ஓடிவிட மெதுவானவன் ஏணியின் நடுவிலேயே தங்கிவிடுகிறான் என்ற புகார்களில் நியாயம் இருந்தது. 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலை, பயிற்சி நூல், ஆசிரியருக்குக் கையேடு. இதில் திருத்தும் வேலை எவ்வளவு பிள்ளைகளிடம் தங்கியிருக்கிறது, எவ்வளவு கையேட்டுக்குள் போயிருக்கிறது என்பதை ஆசிரியர் வராத நாளில் அந்த வகுப்புக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஆய்வுக்கு வரும் அதிகாரிகளோ ஆசிரியர் இருக்கிறாரா என்று உறுதி செய்துகொண்டுதான் உள்ளே வருகிறார்கள்.