இரு கரைகளின் பள்ளிக்கணக்கு

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர் என்பதைத் தமிழ் படித்தோர் அறிவர். ஒருவர் கரோல் விசுவநாதபிள்ளை. மற்றவர், பின்னாளில் கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைப் பள்ளியில் பயின்றவர்கள். இதை இரு தனிமனிதரின் பெருமையாகவே நாம் சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் அதில் ஒரு நிலத்தின் கல்வி வரலாறும் அடங்கியிருக்கிறது.

இடைநிலைப் பள்ளிச் சேர்க்கை விகிதத்தில் இலங்கையும் இந்தியாவும் இன்றும் ஒரே படியில் இல்லை. 2010களின் இறுதியில் மொத்தச் சேர்க்கை இலங்கையில் ஏறத்தாழ நூறு விழுக்காடு. இந்தியாவில் எழுபத்தைந்தை ஒட்டி நின்றது. வயது கடந்து படிப்போரையும் சேர்த்தெண்ணும் கணக்கு இது. ஆகவே நூறு என்பதற்கு ஒரு பிள்ளையும் விடுபடவில்லை என்று பொருளில்லை. ஆயினும் இடைவெளி பெரிது.

இந்த இடைவெளி பழையது. 1946 கணக்கெடுப்பில் இலங்கையின் எழுத்தறிவு 57.8 விழுக்காடு; 1951இல் இந்தியாவின் எழுத்தறிவு 18.3 விழுக்காடு. மிஷன் பள்ளிகளும், அவற்றுக்கு மறுமொழியாக எழுந்த சைவ, பௌத்தப் பள்ளிகளும் அங்கே அடித்தளம் இட்டன. நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது 1848இல். ஆனால் சிறிய நிலப்பரப்பையும் சமயப் போட்டியையும் மட்டும் காரணமாகச் சொல்லி நிறுத்துவது சரியன்று. 1931இலேயே இலங்கையர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. வாக்குக் கேட்டு வந்தவரிடம் கிராமத்தான் பள்ளிக்கூடம் கேட்டான். கல்வி அமைச்சர் கன்னங்கரா கிராமப்புறங்களில் மத்திய மகா வித்தியாலயங்களை நிறுவினார். 1945 முதல் பாலர் வகுப்பு தொடங்கிப் பல்கலைக்கழகம் வரை கட்டணம் நீங்கியது.

இக்கரையில், கட்டாயத் தொடக்கக் கல்விக்காகக் கோகலே 1911இல் கொண்டுவந்த மசோதா அடுத்த ஆண்டே தோற்றது. பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுகளில் தர முயல வேண்டும் என்றது அரசியல் சட்டம். அது சட்டபூர்வ உரிமையாக நடைமுறைக்கு வந்தது 2010இல். அதுவும் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஏழை வீட்டுப் பிள்ளை, குறிப்பாகப் பெண்பிள்ளை, படிப்பை விடும் வாசல் ஒன்பதாம் வகுப்பு. அங்கே உரிமை துணைக்கு வருவதில்லை.

அப்படியானால் அக்கரையைப் புகழ்ந்து முடித்துவிடலாமா? முடியாது. தேயிலைத் தோட்டங்களில் உழைக்க இக்கரையிலிருந்து போன நம் மக்களின் பிள்ளைகளுக்கு 1945 உரிய காலத்தில் வந்து சேரவில்லை. தோட்டப் பள்ளிகள் பெரும்பாலும் தொடக்க வகுப்புகளோடு முடிந்தன. 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது, வாக்கும் பறிபோயிற்று. அப்பள்ளிகளை அரசு ஏற்கத் தொடங்கியது 1970களில்தான். வாக்குப் பெற்றவனுக்குப் பள்ளிக்கூடம் வந்தது. வாக்கிழந்தவன் ஒரு தலைமுறைக்கு மேல் காத்திருந்தான்.

தாமோதரம்பிள்ளையின் பெயரை வகுப்பில் சொல்லும்போது, நம் முன்னே அமர்ந்திருக்கும் முதல் தலைமுறை மாணவரையும் நாம் பார்க்கிறோம். அவர்கள் ஒன்பதாம் வகுப்பு வாசலைத் தாண்டி வந்தவர்கள். உடன் படித்துத் தாண்டாமல் போனவர்கள் எந்த வகுப்பறையிலும் இல்லை.