கடல் கடந்து வந்த திரைப்பாட்டு

1970களில் பொம்மையார்பாளையத்துக் கரையில் வலை பழுதுபார்ப்போர் அருகே மாலைதோறும் ஒலித்தது இலங்கை வானொலியே. தமிழ்த் திரைப்பாடலைக் கேட்க நம்மவர் அயல்நாட்டு நிலையத்தை நாடியது ஏன்? அதை அறிய 1952ஆம் ஆண்டுக்குச் செல்லுதல் வேண்டும்.

அவ்வாண்டு மத்திய அரசின் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல் மக்களின் இசைச் சுவையைக் கெடுக்கிறது என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அதற்குரிய நேரம் குறைக்கப்பட்டது. படத்தின் பெயரைச் சொல்வதும் விளம்பரமே எனக் கருதி நிறுத்தப்பட்டது. சினமுற்ற தயாரிப்பாளர்கள் பாடல்களை ஒலிபரப்பும் உரிமையைத் திரும்பப் பெற்றனர். நம் வானொலியில் திரைப்பாட்டு ஏறக்குறைய மறைந்தே போயிற்று. இதே வானொலியில் அமர்ந்து இதனைக் கூற எனக்குச் சிறிது கூச்சந்தான்.

இலங்கையிலோ, இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்கென அமைத்த ஆற்றல்மிக்க சிற்றலை ஒலிபரப்பி இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தது. அதன் வர்த்தக ஒலிபரப்பு இந்தி, தமிழ்த் திரைப்பாடல்களை வாரி வழங்கிற்று. நேயர்கள் மட்டுமன்றி, இந்தியாவில் விற்கும் பொருள்களின் விளம்பரப் பணமும் அங்கே சென்றது.

கேஸ்கரை வெறுமனே பழித்தல் முறையன்று. சாஸ்திரீய இசைக்கான தேசிய நிகழ்ச்சி அவர் காலத்தில், 1952இல், தொடங்கியதே. ஆயினும் நல்லதை ஊட்டுவது வேறு, விரும்புவதைப் பறிப்பது வேறு. நெடுங்காலம் வகுப்பறையில் நின்ற எனக்கும் இது பிந்தியே விளங்கிற்று.

1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதி தொடங்கியது, திரைப்பாடலும் மீண்டது. எங்கள் கரையிலோ பல ஆண்டுகள் கழிந்த பின்னும் வானொலிப் பெட்டியின் முள் இலங்கையை விட்டு நகரவில்லை.