கணினியைத் திறந்ததும் தானாக இயங்கும் கட்டளைகள்: அமைப்பது எப்படி? கவனிக்க வேண்டியது என்ன?

"கம்ப்யூட்டரை ஆன் பண்ணி அஞ்சு நிமிஷமாச்சு, இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு!"

இப்படி அலுத்துக்கொண்டது உண்டா? அந்த நேரத்தில் கணினி சும்மா இருப்பதில்லை. யாரோ முன்கூட்டியே சொல்லிவைத்த கட்டளைகளை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது. அந்த 'யாரோ' நீங்களாக இருக்கலாம். நீங்கள் பதிவிறக்கம் செய்த செயலியாக இருக்கலாம். இணைய ஊடுருவியாகவும் இருக்கலாம்.

எதற்குப் பயன்படும்?

தினமும் செய்யும் வேலைகளைக் கணினியிடமே விட்டுவிடலாம். பாடக் குறிப்புகளைத் திறப்பது, முக்கியக் கோப்புகளுக்கு நகல் எடுப்பது போன்றவை சில எடுத்துக்காட்டுகள்.

இது புதிய வசதி அல்ல. எம்எஸ்-டாஸ் காலத்திலேயே 'ஆட்டோஎக்ஸெக்.பேட்' என்ற கோப்பு இருந்தது. கணினி தொடங்கியதும் அதில் உள்ள கட்டளைகள் வரிசையாக நிறைவேறும்.

விண்டோஸில் எப்படி அமைப்பது?

1. கட்டளைகளை நோட்பேடில் எழுதுங்கள். 'எல்லாக் கோப்புகளும்' என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, '.பேட்' என முடியும் பெயரில் ஆங்கிலத்தில் சேமியுங்கள்.

2. கோப்பை இருமுறை கிளிக் செய்து, சரியாக இயங்குகிறதா என்று பாருங்கள்.

3. விண்டோஸ் விசையையும் 'ஆர்' விசையையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் பெட்டியில் 'ஷெல்:ஸ்டார்ட்அப்' என்று ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல் தட்டுங்கள்.

4. திறக்கும் ஃபோல்டரில் உங்கள் கோப்பைப் போடுங்கள். அவ்வளவுதான்!

ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். இந்த ஃபோல்டரில் உள்ளவை நீங்கள் லாகின் செய்த பிறகே இயங்கும். அதற்கு முன்பே இயங்க வேண்டுமா? 'டாஸ்க் ஷெட்யூலர்' கைகொடுக்கும்.

மெக்கில், லினக்ஸில்?

மெக் கணினியில் சிஸ்டம் செட்டிங்ஸுக்குச் சென்று, 'ஜெனரல்' பிரிவில் 'லாகின் ஐட்டம்ஸ்' பகுதியைப் பாருங்கள். லினக்ஸில் 'கிரான்டேப்' பட்டியலில் '@ரீபூட்' என்று ஆங்கிலத்தில் தொடங்கும் வரியைச் சேர்த்து, அதையடுத்து உங்கள் கட்டளையை எழுதலாம்.

ஆபத்து எங்கே இருக்கு?

"ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடும்" என்று நாம் நினைப்போம். தீங்கு நிரலை எழுதுபவர்களுக்கும் அது தெரியும். அதனால்தான் தானாக இயங்கும் பட்டியலில் தங்கள் நிரலையும் நுழைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறை கணினியைத் திறக்கும்போதும் அது மீண்டும் உயிர்பெறும்.

2000ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பீன்ஸிலிருந்து உலகெங்கும் பரவிய 'ஐலவ்யூ' நிரல் அதைத்தான் செய்தது. காதல் கடிதம் போல் மின்னஞ்சலில் வந்த கோப்பைத் திறந்ததும், விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் அது தன்னைப் பதிவு செய்துகொண்டது.

இப்போது வேறு தந்திரம். 'நான் ரோபோ அல்ல' என்று உறுதிப்படுத்தச் சொல்லும் போலிப் பக்கம் ஒன்று தோன்றும். விண்டோஸ் விசையையும் 'ஆர்' விசையையும் அழுத்தி, எதையோ ஒட்டி, என்டர் தட்டச் சொல்லும். மேலே நாம் பார்த்த அதே பெட்டிதான்! உண்மையான சோதனை எதுவும் அப்படிக் கேட்காது. பக்கத்தை உடனே மூடிவிடுங்கள்.

எப்படிச் சரிபார்ப்பது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பகுதியைப் பாருங்கள்.

- தேவையில்லாததை முடக்கலாம். செயலி அழிந்துவிடாது; தானாகத் தொடங்காது, அவ்வளவே.

- வைரஸ் தடுப்பு மென்பொருளை மட்டும் முடக்காதீர்கள்.

- தெரியாத பெயர் இருந்தால், அது என்ன என்று முதலில் தேடிப் பாருங்கள்.

இந்தப் பட்டியலில் எல்லாமே தெரிவதில்லை. 'டாஸ்க் ஷெட்யூலர்' வேலைகளைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

சந்தேகத்துக்குரிய கட்டளையை ஏற்கனவே ஒட்டிவிட்டீர்களா? இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். வைரஸ் தடுப்பு மென்பொருளைக் கொண்டு முழுமையாகச் சோதியுங்கள். வேறொரு சாதனத்திலிருந்து மறைச்சொற்களை மாற்றுங்கள்.