பதம் என்பது சொல்: அயல்நாட்டு வகுப்பறையில் பாலசரசுவதி

நாட்டிய ஆசிரியர் ஒருவர் கடல்கடந்து சென்று கற்பித்த வரலாற்றை எழுதுவோர், அவர் ஆடிய அரங்குகளையும் பெற்ற பாராட்டுகளையும் வரிசைப்படுத்திய அளவில் நிறைவு கொள்வதுண்டு. மொழியை ஆய்ந்து வாழ்ந்த நமக்கு வேறொரு வினா எழுகின்றது. பரதநாட்டியம் அயல்நாட்டுப் பள்ளிக்குள் நுழைந்தபோது, அதனுடன் பிறந்த பாட்டும் மொழியும் என்ன ஆயின? இவ்வினாவுக்குத் தஞ்சாவூர் பாலசரசுவதியின் அமெரிக்கப் பயணங்களைப் போலத் தெளிவாக விடை தருவன சிலவே.

அவருக்கு முன்பே அமெரிக்கர் ‘இந்திய நடனம்’ என்ற பெயரில் சிலவற்றைக் கண்டிருந்தனர். 1906இல் ரூத் செயின்ட் டெனிஸ் என்னும் அமெரிக்க ஆடலரசி ‘ராதா’ என்ற நடனத்தை அரங்கேற்றினார். தலைப்பு இந்தியாவினது, இசையோ டெலிப்ஸ் என்னும் பிரெஞ்சு இசையமைப்பாளரின் ‘லக்மே’ இசைநாடகத்திலிருந்து எடுக்கப்பெற்றது. 1930களில் சென்ற உதயசங்கரின் குழு இந்திய இசைக்கருவிகளை உடன்கொண்டு சென்றது. ஆயினும், பாடலின் ஓரடியைப் பலமுறை பாடி, ஒவ்வொரு முறையும் அதன் பொருளைப் புதிதாக விரிக்கும் அபிநய முறை அவருடைய படைப்புகளில் முதன்மை பெறவில்லை. அயலார் கண்ணுக்கு விருந்து படைப்பதே போதும் என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது.

பாலசரசுவதி 1918இல் சென்னையில் பிறந்தார். பாட்டி வீணை தனம்மாள். தாயார் ஜயம்மாள் தேர்ந்த பாடகி. ஆசான் தஞ்சை நால்வர் மரபில் வந்த கந்தப்பப் பிள்ளை. ஏழாம் அகவையில் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். இக்குடும்பத்தில் பாடத் தெரியாமல் ஆடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர் மேடையில் அபிநயிக்கும்போது தாமே பாடுவார். அத்தகைய மரபில் வந்த பெண்டிரை அவர்தம் சொந்த ஊரே இழித்துப் பேசிய காலமும் அதுவே என்பதை நம் மாணவர் மறத்தல் கூடாது. கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. சட்டம் தடுத்தது அவ்வழக்கத்தை மட்டுமே. பழி அக்கலையையே தொழிலாகக் கொண்டிருந்த குடும்பங்களின் மேல் நெடுநாள் நின்றது.

1961இல் தோக்கியோவில் நிகழ்ந்த கிழக்கு–மேற்கு இசைச் சந்திப்பில் அவர் ஆடினார். மறு ஆண்டு அமெரிக்கா சென்றார். மாசசூசெட்சு மாநிலத்தின் ஜேக்கப்ஸ் பில்லோ நடன விழாவிலும், கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலும் அவர் கால் பதித்தது அப்போதுதான். வெஸ்லியனில் அவரை வரவேற்றவர், சென்னையில் அவருடைய தம்பி ரங்கநாதனிடம் மிருதங்கம் பயின்ற இசையியல் அறிஞர் இராபர்ட் பிரவுன். பின்னர்க் கலிபோர்னியாவின் கோடைப்பள்ளிகளிலும் பாலசரசுவதி பலமுறை கற்பித்தார்.

அத்தகைய வகுப்பறையில் ஆசிரியர் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டை மொழியியல் நோக்கில் பார்ப்போம். சொற்கட்டில் தொடங்கலாம். ‘தை தத் தை’ என்பதற்குப் பொருள் இல்லை, ஒலி உண்டு. நம் தகரம் பல்லில் நாத்தொட்டுப் பிறக்கும். ஆங்கிலத்தில் அதற்கு நெருங்கிய ஒலியோ பல்லுக்கு மேலுள்ள ஈற்றில் பிறக்கும். ஆகவே ஆங்கிலம் பேசும் மாணவர் வாயில் ‘தக்கத் திமி’ சற்றுத் தடித்தே ஒலிக்கும். (நம் நாட்டில் வீட்டிலும் ஆங்கிலமே பேசி வளரும் தமிழ்ப் பிள்ளைகள் வாயிலும் இத்தடிப்பைக் கேட்கின்றோம், இதற்கு அமெரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை.) எனினும் இது பயிற்சியால் தீரும் குறை.

பதத்திற்கு வரும்போதுதான் மெய்யான தடை எழுகின்றது. தலைவி தோழியிடம் ‘வந்தார்’ என்று சொல்வதும் ‘வந்தான்’ என்று சொல்வதும் ஒன்றல்ல. முன்னதில் மதிப்பு இருக்கலாம், ஊடலால் விளைந்த விலகலும் இருக்கலாம். பின்னதில் உரிமை இருக்கலாம், சினமும் இருக்கலாம். ‘நீ’, ‘நீர்’ என்பனவும் அவ்வாறே. ஆங்கிலத்தில் இவை யாவும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். ஒரு விகுதியில் தங்கியுள்ள இவ்வேறுபாட்டைத்தான் ஆடுபவரின் புருவமும் இதழோரமும் காட்ட வேண்டும். பாடலின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் கை முத்திரையைக் கற்றுவிடலாம். அப்புருவத்தைக் கற்பது அரிது. தாமே பாடிக்கொண்டு அபிநயித்த ஓர் ஆசிரியை, பாட்டைத் தள்ளிவைத்து ஆட்டத்தை மட்டும் கொடுத்திருக்க இயலாது.

இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் சுமந்து சென்ற மொழி தமிழ் மட்டும் அன்று. அவருடைய பதங்களுள் சேத்திரய்யரின் தெலுங்குப் பதங்களுக்குத் தனி இடம் உண்டு. 1962இல் வெஸ்லியனில் படமாக்கப்பெற்ற அவருடைய புகழ்மிக்க அபிநயம் வியாசராயரின் கன்னடப் பாடலுக்கானது. தமிழ்ப்பற்றின் மிகுதியால் இவற்றை மறைப்பது வரலாற்றுக்கு அழகன்று. தெலுங்குப் பாடலைத் தமிழ்க் குடும்பமொன்று தலைமுறை தலைமுறையாகப் பொருளுணர்ந்து காத்தது என்பதே நமக்குப் பெருமை.

ஆடலோடு இசையும் பல்கலைக்கழகத்துள் குடியேறியது. ரங்கநாதன் 1963 முதல் வெஸ்லியனில் மிருதங்கம் கற்பித்தார். மற்றொரு தம்பியான புல்லாங்குழல் கலைஞர் விசுவநாதன் அங்கேயே முனைவர் பட்டம் பெற்றுப் பேராசிரியராக விளங்கினார். அவ்வூர் மாணவர் பலர், ஆடலைக் காண்பதற்கு முன்பே கருநாடக இசையைக் காதால் கேட்டுப் பழகினர். ஆட்டத்தை முன்னே அனுப்பிவிட்டு இசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணும் இக்காலப் பள்ளிகள் இந்த வரிசையைக் கருத வேண்டும்.

நம் வட்டாரத்தில் கதை வேறு. 1952இல் சிங்கப்பூரில் பள்ளி தொடங்கிய கே. பி. பாஸ்கரும் அவர்தம் துணைவியார் சாந்தா பாஸ்கரும் வந்து போன விருந்தினர் அல்லர், தங்கி வாழ்ந்தவர்கள். சாந்தா பாஸ்கர் 1958இல் பட்டாம்பூச்சிக் காதலர் என்னும் சீனக் கதையைப் பரதநாட்டியத்தில் அமைத்தார். அயல்மொழிக் கதை நம் ஆடலுக்குள் வந்த வழி அது; நம் மொழி அயலார் வகுப்புக்குச் சென்ற வழி பாலசரசுவதியினுடையது. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளத்தல் பொருந்தாது.

பாலசரசுவதி 1973இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். நடனக் கலைஞர் ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை. இசைக்கென ஏற்பட்ட விருது அது என்பது குறிக்கத்தக்கது. 1975இல் சென்னைத் தமிழிசைச் சங்க மாநாட்டில் அவர் தமிழில் தலைமையுரை ஆற்றினார். ஆடல் நிகழ்ச்சியின் வரிசையைக் கோயிலுக்கு ஒப்பிட்ட உரை அது. அலாரிப்பு கோபுரம், அடுத்தடுத்த உருப்படிகள் மண்டபங்கள், பதமோ கருவறையை நெருங்கும் இடம், முரசொலி அடங்கி மறைமொழி மட்டும் கேட்கும் வேளை. ‘பதம்’ என்ற சொல்லுக்கே சொல் என்றுதான் பொருள்.