கர்னல்

எழுத்தில் ‘கொலொனெல்’, ஒலியில் ‘கர்னல்’. ஆங்கிலப் படைப்பதவிப் பெயர்களுள் இத்தகைய முரண் உடையது ஒன்று உண்டு. எழுத்தில் ரகரம் எங்கும் இல்லை. ஒலியிலோ முதல் லகரத்தைக் காணோம். தமிழில் ‘கர்னல்’ என்பது பிழை, ‘கொலோனல்’ என்பதே திருத்தம் என்று ஆங்கில எழுத்தறிந்த மாணவன் வாதிடின், ஆசிரியர் அச்சொல்லின் வரலாற்றைத்தான் நாட வேண்டும்.

இலத்தீனில் ‘கொலும்னா’ என்பது தூண். நீள்நிரையாகச் செல்லும் படையணியையும் இத்தாலியர் தூண் என்றே வழங்கினர். அவ்வணித் தலைவன் ‘கொலொன்னெல்லோ’ ஆனான். 16ஆம் நூற்றாண்டில் இச்சொல் பிரெஞ்சு மொழியில் புகுந்தது. லகரம் இருமுறை வந்து நாவை இடறவே, முன்னது ரகரமாகிக் ‘கொரொனெல்’ எனத் திரிந்தது. ஸ்பானியரும் போர்த்துக்கீசியரும் இன்றும் ரகரத்தோடுதான் வழங்குகின்றனர். மகுடத்தைக் குறிக்கும் ‘கொரோனா’விலிருந்து வந்ததெனப் பொருள் கண்டோரும் உண்டு, அது பொருந்தாது.

ஆங்கிலேயர் முதலில் பெற்றதும் எழுதியதும் இந்த ரகர வடிவமே. பின்னர் இத்தாலியப் போர்நூல்களைக் கற்றவர்கள் மூலவடிவை நாடி எழுத்தை மாற்றினர். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் லகர எழுத்தே நிலைத்தது. மக்கள் நாவோ பழைய ரகரத்தை விடவில்லை. ஆகவே ‘கர்னல்’ என்பதிலுள்ள ரகரம் தமிழர் செய்த திரிபன்று. ஆங்கில எழுத்தினும் மூத்த ஒலி அது.

லகரம் ரகரமாவது தமிழாசிரியர்க்குப் புதிதன்று. பந்தல் பந்தராகவும் சாம்பல் சாம்பராகவும் வருவதைக் கடைப்போலி என்கிறோம். ஆயினும் அங்கே இரட்டை லகரம் காரணமன்று. இரண்டும் ஒரே விதி எனக் கற்பித்தல் ஆகாது.

பதவியின் வரலாறும் சுவையுடையது. முன்னாளில் ஆங்கில ரெஜிமெண்டு ஒவ்வொன்றும் தன் கர்னலின் பெயராலேயே வழங்கிற்று. ஏறத்தாழ அவருடைய உடைமை போன்றது அது. 1740களில் இரு ரெஜிமெண்டுகளுக்கு ஹோவர்டு என்னும் பெயருடைய இருவர் கர்னல்களாய் அமையவே, குழப்பம் நேர்ந்தது. சட்டையின் மடிப்பு நிறத்தைக் கொண்டு ஒன்றைப் பச்சை ஹோவர்டு என்றனர். அந்தக் ‘கிரீன் ஹோவர்ட்ஸ்’ படைதான் 1949 முதல் 1952 வரை மலாயாவில் அவசரகாலப் பணியாற்றியது. 1751இல் அரச ஆணை ரெஜிமெண்டுகளுக்கு எண்களை நிலைநாட்டிற்று.

கர்னல் அரண்மனையிலோ நாடாளுமன்றத்திலோ இருப்பார். களத்தில் நிற்பவர் பெரும்பாலும் லெப்டினன்ட் கர்னல். ‘லெப்டினன்ட்’ என்பதற்குப் பிரெஞ்சில் ‘இடத்தைத் தாங்குபவர்’ என்பதே பொருள். மரியாதை கருதி அவரையும் ‘கர்னல்’ என்றே விளிப்பர். 1801இல் பாஞ்சாலங்குறிச்சியையும் காளையார்கோயிலையும் தாக்கிய கும்பெனிப் படைத்தலைவர் அக்னியூ லெப்டினன்ட் கர்னலே. தமிழ் நூல்கள் அவரைக் கர்னல் அக்னியூ என்பது இவ்வழக்கை ஒட்டியது.

மலாய் மொழியின் போக்கு வேறு. ‘லெப்டெனன்’ என்பதில் ஆங்கிலேயரின் ஒலியைப் பின்பற்றிய அம்மொழி, ‘கோலோனெல்’ என்பதில் லகரத்தைக் காத்தது. தமிழ் இரண்டையும் காதாலேயே கேட்டு எழுதிற்று. ‘படைத்தலைவர்’ என மொழிபெயர்க்கலாமே எனின், மேஜர், பிரிகேடியர், ஜெனரல் ஆகிய யாவரும் படைத்தலைவரே. கர்னலை அவர்களிடமிருந்து பிரித்தறிய வழியிராது.