பழைய பொட்டியும் புதுப் பொட்டியும் பேசிக்கொள்ளாத கதை

ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம் வீடுகள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். ஹாலில் ஒரு புது மடிக்கணினி. உள்ளறையில் துணி போர்த்திய ஒரு பழைய பொட்டி. நேரு பிளேஸிலோ, லாமிங்டன் ரோட்டிலோ, பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது. அதில் விண்டோஸ் 98, அல்லது எக்ஸ்பி. முதன்முதலாக வாங்கிய டிஜிட்டல் கேமராவின் படங்கள், மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டது, தாத்தா ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதிய குடும்பக் கதை, இன்று இல்லாத பாட்டி மைக் முன்னால் கூச்சப்பட்டுக்கொண்டே பாடிய தாலாட்டு எல்லாம் அதில்தான். வேறெங்கும் பிரதி கிடையாது. இரண்டு பொட்டியையும் ஒரே மோடத்தில் செருகினால் பச்சை விளக்கு ஜோராக மினுக்குகிறது. ஆனால் ஒன்றின் கண்ணுக்கு மற்றது தெரியவே மாட்டேன் என்கிறது.

யாரைக் கேட்டாலும் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். "கார்டு போயிருக்கும் சார்", "வைரஸ் சார்", "ஃபார்மட் பண்ணிடலாம் சார்". மூன்றாவது பதில் சொல்பவரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். கார்டும் கேபிளும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். தகராறு வேறு இடத்தில், அதுவும் நாற்பது வருடத்துத் தகராறு. அந்தக் கதை தெரிந்தால் எங்கே முட்டுகிறது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

1983. ஐபிஎம் நிறுவனத்துக்காக சைடெக் என்ற நிறுவனம் நெட்பயாஸ் என்ற ஒன்றை உருவாக்கியது. ஓர் அலுவலக அறையில் இருக்கும் சில பத்து கம்ப்யூட்டர்கள் பெயர் சொல்லி அழைத்துக்கொள்ள ஒரு வழி. பெயருக்கு 16 இடம். அதில் கடைசி இடம் "நான் என்ன வேலை செய்கிறேன்" என்று சொல்வதற்கு. மீதி 15. இன்றைக்கும் பழைய வழக்கப்படி விண்டோஸ் பொட்டிக்கு 15 எழுத்துக்கு மேல் பெயர் வைத்தால் முனகுகிறதே, அதன் பூர்வீகம் இதுதான். அதே காலத்தில் ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் என்பவர், டாஸ் தன் சொந்த வட்டில் கோப்பைத் திறப்பது போலவே பக்கத்துப் பொட்டியின் கோப்பையும் திறக்க ஒரு மொழியை வடித்தார். முதலில் தன் பெயரின் முதலெழுத்துக்களையே அதற்கு வைத்திருந்தார். பிறகு எஸ்எம்பி என்று மாறியது. நீங்கள் இன்று ஒரு ஃபோல்டரை "ஷேர்" செய்தால் ஓடுவது அதன் பேரப்பிள்ளைதான்.

திருவல்லிக்கேணிப் பக்கம் அந்தக் கால "ஸ்டோர்" வீடுகளில் இருந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஒரே நடை, ஒரே கிணறு, பத்துக் குடித்தனம். யாருக்கு யார் வேண்டுமோ நடையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியது, உள்ளே போய்க் காப்பிப்பொடி எடுத்துக்கொள்ள வேண்டியது. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நெட்பயாஸும் அப்படித்தான். "மீனா என்கிற பொட்டி யாரப்பா?" என்று வலையமைப்பு முழுக்கக் கத்தும். மீனா, "நான்தான்" என்று பதில் சொல்லும். மீனாவுக்குப் பதில் வேறு யாராவது "நான்தான்" என்றால்? அந்தக் கேள்வி 1983-ல் யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய அவசியமும் இல்லை.

1992-ல் வந்த விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ் இதைச் சாதாரண மேஜைகளுக்குக் கொண்டுவந்தது. விண்டோஸ் 95-ல் "நெட்வொர்க் நெய்பர்ஹுட்" என்ற படம் திரையில் வந்து உட்கார்ந்தது. அந்தப் படத்தைத் திறந்தால் தெரிகிற பெயர்ப் பட்டியலை யார் தயாரிக்கிறார்கள் தெரியுமா? பொட்டிகள் தங்களுக்குள் தேர்தல் நடத்தும்! விளையாட்டில்லை, அதன் பெயரே தேர்தல்தான். யாரிடம் புதிய விண்டோஸ் இருக்கிறதோ அவர் பெரும்பாலும் ஜெயிப்பார். அவர்தான் பட்டியல் வைத்திருப்பார். மற்றவர்கள் 12 நிமிடத்துக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். மூன்று முறை சத்தம் வராவிட்டால்தான் பெயரை நீக்குவார். அதாவது மின்சாரம் போய் அணைந்த பொட்டியின் பெயர் அரை மணி நேரத்துக்கு மேல் பட்டியலில் இருக்கும். நம் ஊர் வாக்காளர் பட்டியல் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

வீட்டில் அந்த நாளில் இரண்டு பொட்டி இருந்தவர்கள் கிராஸ் ஓவர் கேபிள் போட்டு இணைத்திருப்பார்கள். 2005 வாக்கில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்ததும் மோடம் வீட்டுக்குள் நுழைந்தது. இங்கேதான் ஸ்டோர் வீட்டின் கதை மாறுகிறது. தாழ்ப்பாள் இல்லாத அந்த நடை, இணையம் என்ற ரோட்டோடு சேர்ந்துவிட்டது.

விண்டோஸ் 98-ல் ஒரு ஃபோல்டருக்குக் கடவுச்சொல் போடலாம். போட்டால் பத்திரம் என்று எல்லோரும் நம்பினார்கள். 2000 அக்டோபரில் வெளியான ஒரு திருத்தம் உண்மையைச் சொன்னது: வந்தவர் எத்தனை எழுத்து அனுப்புகிறாரோ அத்தனை எழுத்தை மட்டுமே விண்டோஸ் சரிபார்த்துக்கொண்டிருந்தது. ஒரே எழுத்தை அனுப்பி, அது முதலெழுத்தோடு பொருந்தினால் கதவு திறந்துவிடும். இருபத்தாறு எழுத்து, பத்து எண், சில குறிகள். எவ்வளவு நேரமாகும்? திருத்தம் வந்து இரண்டு வருடம் கழித்தும் பலர் போட்டுக்கொள்ளவில்லை. 2002-ல் ஓபாசெர்வ் என்ற புழு இதே ஓட்டை வழியாக வீடு வீடாகப் போனது.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு விண்டோஸும் ஒவ்வொரு கதவாக அடைத்துக்கொண்டே வந்தது. நம் வீட்டில் "நேற்று வரை வேலை செய்ததே" என்று புலம்பிய நாள்களை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு கதவடைப்பு நாளாக இருக்கும்.

2001-ல் எக்ஸ்பி. பழைய நெட்பூயி என்ற போக்குவரத்து முறையைக் கைவிட்டது. ஹோம் பதிப்பில் குழுவின் பெயரை எம்எஸ்ஹோம் என்று மாற்றி வைத்தது. மற்றவற்றில் வொர்க்குரூப் என்றிருக்கும். பெயர் வேறானால் நெய்பர்ஹுட்டில் பக்கத்தில் தெரியாது. எத்தனை வீடுகளில் இதற்காகக் கேபிளை மாற்றியிருப்பார்களோ! 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு உலகைக் கலக்கியது; மறு ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2 ஃபயர்வாலைத் தானாகவே முடுக்கிவிட்டது.

2007-ல் கடைகளுக்கு வந்த விஸ்டாதான் பெரிய பிரிவினை. எஸ்எம்பியைப் புதிதாக எழுதினார்கள். நூற்றுக்கு மேல் இருந்த கட்டளைகளை 19 ஆகச் சுருக்கினார்கள். அதைவிட நம்மைப் பாதித்தது கடவுச்சொல் விஷயம். விண்டோஸ் 98 கடவுச்சொல்லைப் பெரிய எழுத்தாக்கி, பதினாலு எழுத்தை ஏழேழாக வெட்டி, தனித்தனியாகப் பூட்டுப் போடும் எல்எம் முறையில் அனுப்பும். ஏழெழுத்துப் பூட்டை உடைப்பது எவருக்கும் எளிது. விஸ்டா அந்த வடிவத்தில் கடவுச்சொல்லைச் சேமிப்பதையே நிறுத்திவிட்டது. தானும் புதிய முறையில் மட்டுமே பதில் சொன்னது. விளைவு, சரியான கடவுச்சொல்லை அடித்தாலும் "தப்பு" என்று வரும். அடித்தவர் தப்பில்லை. இரண்டு பேரும் ஒரே சொல்லை வேறு வேறு பூட்டில் போட்டு நீட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

இடையில் கான்பெராவில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும், பின்னால் உதவும். 1991 கடைசியில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர், கம்பியில் ஓடும் பேச்சை ஒட்டுக்கேட்டே எஸ்எம்பியின் இலக்கணத்தைப் புரிந்துகொண்டு ஒரு சர்வர் எழுதினார். வேறொருவர் பெயருரிமை கோரியதால் புதுப்பெயர் தேவைப்பட, அகராதியில் எஸ், எம், பி மூன்றும் வரும் சொல்லைத் தேடிச் சாம்பா என்று வைத்தார். லினக்ஸும் விண்டோஸும் கோப்பு பரிமாறுவது அவர் புண்ணியத்தில்.

கடைசிக் கதவு 2017. எஸ்எம்பி முதல் பதிப்பில் இருந்த ஓர் ஓட்டையை அமெரிக்க உளவுத்துறையின் என்எஸ்ஏ தன் கையிருப்பில் வைத்திருந்தது. அந்தக் கருவி திருடுபோய் ஏப்ரலில் இணையத்தில் கொட்டப்பட்டது. திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். மே 12 அன்று வானாகிரை கிளம்பியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் ஸ்தம்பித்தன, ஆந்திரக் காவல் நிலையங்களின் கம்ப்யூட்டர்களும் மாட்டின. பழைய எக்ஸ்பிதான் காரணம் என்று அப்போது பலர் எழுதினார்கள்; உண்மையில் அடிவாங்கியதில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அந்த அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-ன் பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவினால் எஸ்எம்பி 1 உள்ளே வருவதில்லை. அதோடு அந்தத் தேர்தல் பட்டியலும் போய்விட்டது.

இனி வீட்டுப் பிரச்சினையைப் பாருங்கள். "தெரியவில்லை", "உள்ளே விடவில்லை" இரண்டும் வேறு வேறு நோய். முதலில் பழைய பொட்டியின் ஐபி எண்ணைப் பாருங்கள். 169.254 என்று ஆரம்பித்தால் மோடம் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை. அப்போது கேபிளைப் பார்க்கலாம். 192.168 என்று சரியாக இருந்தால், புதுப் பொட்டியின் முகவரிப் பட்டையில் \\192.168.1.5 என்பது போல நேராக எண்ணை அடியுங்கள். பெயர்ப் பட்டியலில் தெரியாத பொட்டி இதில் பதில் சொன்னால் கோளாறு பட்டியலில் மட்டும்தான். கடவுச்சொல் கேட்டு மறுத்தால் விஸ்டா காலத்துக் கதவு. எஸ்எம்பி 1 என்று முணுமுணுத்தால் 2017-ன் கதவு. இது எக்ஸ்பிக்கும் பொருந்தும். அதற்கு இரண்டாம் பதிப்பு தெரியவே தெரியாது. பிங் அடித்து பதில் வராவிட்டால் உடனே முடிவு கட்டாதீர்கள், ஃபயர்வால் வாயைப் பொத்தியிருக்கலாம்.

புது விண்டோஸில் எஸ்எம்பி 1-ஐ மறுபடி முடுக்கிவிட ஒரு டிக் போதும் என்று பலர் சொல்லித்தருகிறார்கள். வேலை செய்யும். நான் செய்யச் சொல்ல மாட்டேன். வங்கிக் கணக்கும் ஆதார் நகலும் இருக்கிற பொட்டியை, பாட்டியின் தாலாட்டுக்காக 1983-க்குக் கூட்டிப்போவானேன்? போன காரியம் முடிந்ததும் அந்த டிக்கை எடுக்க யாருக்கும் ஞாபகமும் இருக்காது. பழையதைத்தான் நம் பக்கம் இழுக்க வேண்டும்.

எளிய வழி கம்பியே இல்லாத வழி. பழைய வன்தட்டைக் கழற்றி, ஐடிஇ-யிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் ஒரு கேபிளில் செருகுங்கள். 98-ன் ஃபேட்32 வட்டை விண்டோஸ் 11 தாராளமாகப் படிக்கும். இருபது வயது வன்தட்டு எத்தனை முறை சுழலும் என்று சொல்ல முடியாது. முதல் முறையிலேயே படங்களையும் குரல்களையும் எடுத்துவிடுங்கள், பாட்டு எம்பி3 எல்லாம் அப்புறம்.

கழற்றப் பயமாக இருந்தால் எஃப்டிபி. புதுப் பொட்டியில் ஒரு சிறிய எஃப்டிபி சர்வரை ஓடவிட்டு, 98-ல் டாஸ் ஜன்னலில் எஃப்டிபி என்று அடித்து அனுப்பலாம். இதன் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண், ஐஐடி கான்பூரின் முதல் அணி மாணவர். எஸ்எம்பியை விடப் பன்னிரண்டு வருடம் மூத்தது, இன்னும் இரு தலைமுறைக்கும் புரிகிறது. ஒரே அறை, ஒரே நிறுவனத்துப் பொட்டிகள் என்று அது எதையும் எதிர்பார்க்கவில்லை. வேறு வேறு ஊரில், வேறு வேறு ஜாதி இயந்திரங்களுக்காக எழுதியது. கடவுச்சொல் அப்படியே வெளிப்படையாகப் போகும், ஆகவே வேலை முடிந்ததும் சர்வரை அணைத்துவிடுங்கள்.

பழைய பொட்டியை நிரந்தரமாக வைத்திருக்க வேண்டியவர்கள் (டாலியில் பத்து வருடக் கணக்கு வைத்திருக்கும் மாமாக்கள்!) நடுவில் ஒரு சின்ன லினக்ஸ் பொட்டியில் சாம்பா போடுங்கள். அதுவும் 2019 முதல் எஸ்எம்பி 1-ஐத் தானாகப் பேசுவதில்லை. அமைப்புக் கோப்பில் சொன்னால் பேசும். பழையது அதனிடம் கொடுக்கும், புதியது அதனிடம் வாங்கும், இருவரும் முகம் பார்க்கத் தேவையில்லை.

கோப்பு வந்த பிறகு நம்மவர்களுக்கு மட்டும் இன்னொரு கதவு இருக்கிறது. விண்டோஸில் யூனிகோடு தமிழ் 2000 பதிப்பில்தான் வந்தது. 98-ல் தாத்தா அடித்த குடும்பக் கதை பாமினியிலோ டிஸ்கியிலோ டேபிலோ இருக்கும். புதுப் பொட்டியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கெட்டுப்போய்விட்டது என்று அழித்துவிடாதீர்கள். யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, ஆனால் எந்த எழுத்துரு என்று தெரிந்தால்தான் மாற்ற முடியும். அதனால் வன்தட்டைத் திருப்பி மாட்டுவதற்கு முன், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் அப்படியே ஒரு பிரதி எடுத்து, தாத்தாவின் கோப்புகள் இருக்கும் இடத்திலேயே போட்டு வையுங்கள்.