கப்பல் கட்டணம் கொடுத்தது யார்?

நம் முன்னோடிகளைப் பற்றிப் பேசும்போது அவர்கள் எங்கே படித்தார்கள், என்ன எழுதினார்கள் என்று சொல்கிறோம். அங்கே போய்ச் சேரப் பணம் கொடுத்தது யார், அந்தப் பணம் எப்போது கைக்கு வந்தது என்று பெரும்பாலும் கேட்பதில்லை. இப்போது கேட்க வேண்டியிருக்கிறது. செங்கம், தண்டராம்பட்டு, போளூர்ப் பக்கத்துச் சேரிகளிலிருந்து நம் பிள்ளைகள் வேதியியலிலும் இயற்பியலிலும் முனைவர் பட்ட ஆய்வுக்குப் போகிறார்கள். வெளிநாட்டு மாநாட்டில் கட்டுரை வாசிக்க வரச்சொல்லிக் கடிதம் வந்தால், வீட்டில் முதலில் மகிழ்ச்சி, அடுத்த நிமிடமே பணக் கவலை.

கடல் கடப்பது நமக்குப் புதிதல்ல. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் அது. அதன்பின் அரை நூற்றாண்டு காலம் ஆர்க்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களிலிருந்து பறையர் உள்ளிட்ட உழைக்கும் சாதியினர் அந்த வழியில் போனார்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று மேல்சாதியினர் அஞ்சிய காலம் அது. நம் மக்களுக்கு இழக்க அப்படியொரு சாதிப் பெருமை இருக்கவில்லை. பஞ்சமும் பண்ணைக் கடனும் பின்னாலிருந்து துரத்தின. அவர்களின் கப்பல் செலவைத் தோட்ட முதலாளிகளின் தரப்பு முன்கூட்டியே ஏற்றது. உழைப்பைக் கறக்க வேண்டுமென்றால் பணம் முன்னால் வரும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1914-இல் சென்னையிலிருந்து இன்னொருவர் கப்பலேறினார். கணித மேதை ராமானுஜன். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகையும் பயணச் செலவும் கொடுத்தது. அவர் வறுமையில் வளர்ந்தவர். அந்தப் பணம் தகுதியான இடத்துக்குத்தான் போனது, அதில் நமக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அது எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார். துறைமுகக் கழகத்தில் உடன் வேலை பார்த்த நாராயண ஐயர் அவருடைய கணக்குகளை மேலே கொண்டு சென்றார். கேம்பிரிட்ஜிலிருந்து வந்திருந்த நெவில் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். மேதைமையைப் பணமாக மாற்றித் தர, அதிகாரத்தில் இருந்த மனிதர்கள் வரிசையாக நின்றார்கள். அதே சென்னையில் பஞ்சமர் பிள்ளைகளுக்காக ஆல்காட் முதல் இலவசப் பள்ளியைத் திறந்தது 1894-இல். அந்தப் பிள்ளைகளில் ஒரு மேதை இருந்திருந்தால் அவரைக் கலெக்டரிடம் கூட்டிப் போக யார் இருந்தார்கள்?

ராமானுஜன் புறப்படுவதற்கு முந்தைய ஆண்டு, 1913-இல், பாபாசாகேப் அம்பேத்கர் நியூயார்க் போய்ச் சேர்ந்திருந்தார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மூன்று ஆண்டுகளுக்கு மாதம் பதினொன்றரை பவுண்டு கொடுத்தார். அந்தப் பணத்தில் வாழ்ந்துகொண்டுதான் 1916 மே 9 அன்று, 25 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை அவர் வாசித்தார். இன்று நாம் படிக்கும் அம்பேத்கரியத்தின் தொடக்கம், ஓர் இளம் ஆய்வாளர் கருத்தரங்கில் வாசித்த கட்டுரை. மாதாமாதம் பணம் வந்ததால் அவரால் அந்த அறையில் இருக்க முடிந்தது.

பணம் நின்றபோது நடந்ததையும் பார்க்க வேண்டும். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு அவர் திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். அங்கே தங்க ஓர் அறைகூடக் கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டார். விட்ட படிப்பைத் தொடர 1920-இல்தான் லண்டன் போக முடிந்தது. அதற்குச் சொந்தச் சேமிப்பும், கோல்ஹாப்பூர் ஷாஹு மகாராஜாவின் உதவியும், நண்பர் நவல் பத்தேனாவிடம் வாங்கிய கடனும் தேவைப்பட்டன. பாபாசாகேபுக்கே மூன்று ஆண்டுகள் போயின.

அறிவியலிலும் ஓர் உதாரணம் உண்டு. மேகநாத் சாஹா டாக்கா பக்கத்துக் கிராமத்தில் சிறு கடைக்காரர் மகன். கல்கத்தாவில் ஈடன் இந்து விடுதியில் சாதிப் பாகுபாட்டை அனுபவித்தவர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகையால் ஐரோப்பா சென்று, லண்டனில் ஆல்பிரட் ஃபவுலரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். விண்மீன்களின் நிறமாலை பற்றிய அவருடைய கோட்பாடு கல்கத்தாவிலேயே உருவானதுதான். ஆனால் ஃபவுலரின் கேள்விகளும் அங்கிருந்த தரவுகளும் அதைச் செழுமைப்படுத்தின. திருத்தி எழுதிய கட்டுரை 1921-இல் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. நேரில் போய் உட்கார்ந்து விவாதிப்பதால் அறிவியலுக்கு என்ன கிடைக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதையெல்லாம் வாழ்ந்து பார்த்த அம்பேத்கர் 1942-இல், வைசிராய் நிர்வாகக் குழு உறுப்பினரானதும், லின்லித்கோ பிரபுவிடம் ஒரு மனுக் கொடுத்தார். கலையும் சட்டமும் படித்தால் மட்டும் போதாது, பட்டியல் சாதி மாணவர்கள் உயர் அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க வேண்டும், அந்தச் செலவை ஏழைக் குடும்பங்கள் தாங்காது, வெளிநாட்டுப் படிப்புக்கும் சேர்த்து அரசே பணம் ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1944-இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான உயர்கல்வி உதவித்தொகை தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பின் 1954-55-இல் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை வந்தது. மன்னர் ஒருவரின் பெருந்தன்மையாக இருந்தது, நம் உரிமையாக மாறிய வரலாறு இது.

அந்த உரிமை இன்று எந்த நிலையில் இருக்கிறது? அயல்நாட்டு உதவித்தொகைக்கு நாடு முழுவதற்கும் 125 இடங்கள்தான். 2025-இல் 106 பேரைத் தேர்வு செய்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்து, மற்றவர்களுக்கு நிதி இருந்தால் தருவோம் என்றார்கள். மேலும் இது முதுகலை, முனைவர் படிப்புக்கான திட்டம். இங்கேயே ஆய்வு செய்துகொண்டு மாநாட்டுக்கு மட்டும் போய்வர விரும்பும் மாணவிக்கு இதில் இடமில்லை.

நுண்துளைப் பொருட்கள் என்ற துறையை எடுத்துக்கொள்வோம். மண்பானையின் நுண்ணிய துளைகளில் நீர் கசிந்து ஆவியாவதால் பானைத் தண்ணீர் குளிர்கிறது. அதைவிடப் பல மடங்கு சிறிய துளைகளை உலோக அயனிகளையும் கரிம மூலக்கூறுகளையும் கோத்து ஆய்வகத்தில் உண்டாக்குகிறார்கள். அப்படிப்பட்ட பொருளில் சில கிராம் எடுத்தால், அதன் உட்பரப்பு ஒரு கால்பந்து மைதானம் அளவு இருக்கும். கரியமில வாயுவைப் பிடிக்கவும், பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கவும் இது உதவும். 2025-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு இதற்குத்தான் கிடைத்தது. பெற்ற மூவரில் ஒருவரான ஒமர் யாகி, பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்து, ஜோர்டானின் அம்மான் நகரில், குழாய்த் தண்ணீர் இல்லாத ஒற்றை அறை வீட்டில் வளர்ந்தவர். பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கவே சண்டை போட்ட சேரிக்காரர்களுக்கு இந்த அறிவியல் அந்நியமாக இருக்க முடியாது.

இந்தத் துறையினரின் சர்வதேச மாநாடு 2024-இல் சிங்கப்பூரில் நடந்தது. சென்னையிலிருந்து சுமார் நான்கு மணி நேர விமானப் பயணம். அப்படியொரு மாநாட்டுக்கு நம் மாணவி ஒருத்தி தேர்வாகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்திய அறிவியல் துறையில் இளம் ஆய்வாளர் பயண உதவித் திட்டங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றின் நடைமுறை என்ன? விமானச் சீட்டையும் பதிவுக் கட்டணத்தையும் முதலில் நீயே கட்டு, போய்விட்டு வந்து ரசீதைக் காட்டு, பிறகு தருகிறோம். விசாவுக்கு வங்கிக் கணக்கில் இருப்பு காட்டச் சொல்வார்கள். அப்பா ஆசிரியராகவோ அதிகாரியாகவோ உள்ள வீட்டில் இது இரண்டு மாதக் கைமாற்று. ஏரி வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போகும் வீட்டில் இது வட்டிக் கடன். விதியில் சாதிப் பெயர் எழுதப்படவில்லை, ஆனால் யார் வெளியே நிற்கிறார்கள் என்று பாருங்கள். கூலிக்கு அழைத்தபோது முன்னால் வந்த பணம், அறிவுக்கு அழைக்கும்போது பின்னால் வருகிறது.

உலகமே வந்து கிரிவலம் போகும் ஊர் நம்முடையது. இதே மாவட்டத்தில் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் நுழைய 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே வாசலில் ஆட்கள் மறித்தார்கள். மாநாட்டு வாசலில் யாரும் மறிப்பதில்லை, அதனால்தான் இந்தத் தடை கண்ணுக்குத் தெரிவதில்லை.

எங்கள் கோரிக்கைகள் எளியவை. பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளர்களுக்குப் பயண உதவி முன்பணமாகக் கிடைக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென 2024-இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. அந்த நிதியில் மாநாட்டுப் பயணத்துக்கு என்று ஒரு தலைப்பு திறக்கட்டும். பயண உதவி பெற்றவர்களின் எண்ணிக்கையைச் சமூக வாரியாக ஆண்டுதோறும் வெளியிடட்டும்.

ஆராய்ச்சி மாணவத் தோழர்களே, கடிதம் வந்ததும் கூச்சப்படாமல் மாநாட்டு அமைப்பாளர்களிடம் பதிவுக் கட்டண விலக்குக் கேளுங்கள், பல மாநாடுகள் தருகின்றன. உங்கள் பல்கலைக்கழகத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் யார் யாருக்குப் பயண நிதி கிடைத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். பத்து ரூபாய்தான் செலவு. வரும் பதிலை எங்களுக்கும் அனுப்புங்கள், சேர்த்து வைத்து அரசின் முன் வைப்போம்.